0.08 என்ற ஓர் எண்: கதிரியக்க அளவீடுகளை ஓரிடத்தில் சேர்த்த கதை

2012ஆம் ஆண்டு எங்கள் ஊர் நானா ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வேன் ஒன்றை வாங்கினார். ஏலத் தாள், பதிவுத் தாள், அது இது என்று ஒரு கட்டுக் கடதாசி. அதற்குள்ளிருந்து ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தார்.

“சேர், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். கப்பல்ல ஏத்த முந்தி அணு கிணு ஒட்டியிருக்கான்டு அளந்து பாத்த தாளாம். 0.08 போட்டிருக்கு. இது கூடவா, கொறைவா?”

நான் தமிழ் படிப்பிக்கிறவன். புக்குஷிமா அணு உலை விபத்து நடந்து அப்போது ஒரு வருடம் கடந்திருந்தது. ஏற்றுமதி வாகனங்களை ஜப்பான் துறைமுகங்களில் அளந்து பார்த்துத்தான் கப்பலேற்றுகிறார்கள் என்று பத்திரிகையில் வாசித்திருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மறுநாள் தாளை எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டினேன். அவர் விடை சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். “என்ன அலகு? மணிக்கு மைக்ரோ சீவேர்ட்டா? சரி. வண்டியில் எந்த இடத்தில் வைத்து அளந்தது? டயரிலா, கண்ணாடியிலா, ஸீட்டிலா? எத்தனை சென்ரிமீற்றர் தூரத்தில்? எந்தக் கருவி? அந்த இடத்தில் வண்டி இல்லாத நேரம் கருவி எவ்வளவு காட்டியது?”

தாளில் திகதி இருந்தது. வண்டியின் சஸி இலக்கம் இருந்தது. 0.08 இருந்தது. வேறு எதுவும் இல்லை.

மணிக்கு 0.08 மைக்ரோ சீவேர்ட் என்பது எந்த விபத்தும் நடக்காத பல ஊர்களில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாதாரணமாகக் கிடைக்கிற அளவுதான். பயப்பட ஒன்றுமில்லை என்று நானாவிடம் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்த ஆசிரியர் கேட்ட கேள்விகள் என்னை விடவில்லை. பிறகு இதைப் பற்றி வாசிக்க வாசிக்கத்தான் விளங்கியது, ஐரோப்பாக் கண்டமும் ஜப்பான் தேசமும் இதே கேள்விகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கின்றன என்று. எண்ணை எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக எடுத்த எண்களை ஒரு தரவுத்தளத்தில் வைத்து, பத்து வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் பார்த்தாலும் பொருள் மாறாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

ஒரு சொல் விளக்கம். பாடசாலைப் புத்தகத்தில் இதற்குக் கதிர்த்தொழிற்பாடு என்று பெயர். பத்திரிகைகள் கதிரியக்கம் என்கின்றன. முதலாவது சொல் துல்லியமானது, இரண்டாவது வாயில் நிற்கிறது. இங்கே வாயில் நிற்பதையே எடுத்துக்கொள்கிறேன்.

இருந்தும் போய்ச் சேராத தகவல்

2011 மார்ச் 11ஆம் திகதி பிற்பகல் 2.46க்கு நிலநடுக்கம். அதைத் தொடர்ந்து சுனாமி. மறுநாள் புக்குஷிமா டாய்ச்சி நிலையத்தின் முதலாவது உலைக் கட்டடம் வெடித்தது. கடற்கரையோரம் இருந்த நமியே என்ற சிறு நகரம் உலைக்கு மிக அருகில். வெளியேறச் சொல்லி அரசாங்கம் விடுத்த உத்தரவு நகரசபைக்குத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிய வந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் நகரின் வடமேற்குப் பக்கமாக, மலைக்குள் சுமார் 30 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் சுஷிமா என்ற பகுதிக்குப் போனார்கள். உலையிலிருந்து தூரம்தானே பாதுகாப்பு என்று நினைத்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பாடசாலைக் கட்டடங்களில் தங்கினார்கள், வெளியே சமைத்தார்கள், பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினார்கள்.

காற்று வடமேற்கே திரும்பியது. மார்ச் 15 அன்று பெருமளவு கதிரியக்கப் பொருள் அந்தப் பக்கமாகவே போனது. அன்று மழையும் பனியும் பெய்து, மேகத்தில் இருந்ததை மண்ணில் இறக்கின.

ஜப்பானிடம் இதை முன்கூட்டியே கணிக்கும் கணினி முறை ஒன்று இருந்தது. பெயர் ஸ்பீடி. காற்றும் மலையும் பார்த்து, வெளியேறும் கதிரியக்கம் எந்தத் திசையில் போகும் என்று அது மணிக்கு ஒரு தடவை படம் வரைந்துகொண்டிருந்தது. படங்கள் திணைக்களங்களுக்குள் சுற்றின. நமியேக்கு வரவில்லை. பொதுமக்களுக்கு முதற் படம் காட்டப்பட்டது மார்ச் 23 அன்று. அதிகாரிகள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று சொல்ல வேண்டிய கருவிகள் மின்சாரமின்றிச் செத்துப் போயிருந்தன. அளவு தெரியாமல் வரைந்த படத்தை எப்படி நம்புவது என்று தயங்கினார்கள். ஆனால் அளவு தெரியாவிட்டாலும் திசை தெரிந்தது. ஓடுகிறவனுக்கு முதலில் வேண்டியது திசைதான்.

இது கணிப்பு மட்டும் சம்பந்தப்பட்ட கதையல்ல. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் விமானங்கள் மார்ச் 17 முதல் 19 வரை பறந்து நேரடியாகவே அளந்தன. வடமேற்காக நீண்ட ஒரு பட்டை அந்த வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. படம் ஜப்பான் அரசின் கைக்குக் கிடைத்தது. ஆனாலும் மக்களை வெளியேற்றும் தீர்மானத்துக்கு அது பயன்படவில்லை. அதே பட்டைக்குள் கிடந்த இட்டாத்தே கிராமம் வெளியேற வேண்டிய பகுதியாக அறிவிக்கப்பட்டது ஏப்ரல் 22இல். ஐந்து வாரத்துக்கும் மேல்.

புக்குஷிமா மாகாணத்தில் நிலையாக நாட்டியிருந்த அளவீட்டு நிலையங்கள் 24. அவற்றில் 23 சுனாமியாலோ தொடர்பு அறுந்ததாலோ பயனற்றுப் போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஆக, அந்த நாட்களில் உண்மையான எண்கள் விமானத்திலும், திணைக்களக் கார்களிலும், பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கையிலும், தனித்தனியாக, தனித்தனி வடிவத்தில் கிடந்தன. சேர்த்து வைத்துப் பார்க்க ஓர் இடம் இருக்கவில்லை.

ரைன் ஆற்றின் இரு கரைகள்

ஐரோப்பா இந்தப் பாடத்தை 25 வருடம் முந்திப் படித்தது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் உலை வெடித்தபோது சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் சப்பாத்து எச்சரிக்கை மணியை அடிக்க வைத்ததில்தான் விஷயம் வெளியில் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாடும் தனித்தனியாக அளந்தது. தன் அலகில் எழுதியது. தன் எல்லைக்கோட்டை வைத்தது. ரைன் ஆற்றின் ஜேர்மனிக் கரையில் கீரையைச் சாப்பிட வேண்டாம் என்றார்கள். எதிர்க்கரையில், பிரான்சில், பிரச்சினை இல்லை என்றார்கள். மேகம் ஆற்றைக் கடந்தது, தரவு கடக்கவில்லை. (நான் அப்போது சின்னப் பிள்ளை. ஐரோப்பியப் பால்மாவைப் பற்றி இங்கேயும் கதை அடிபட்டு, உம்மா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. டின்னில் என்ன எழுதியிருக்கப் போகிறது!)

1987 டிசம்பரில் ஐரோப்பியச் சமூகம் ஒரு தீர்மானம் எடுத்தது: விபத்து நடந்தால் உறுப்பு நாடுகள் உடனே ஒருவருக்கொருவர் அறிவிக்க வேண்டும், அளவீடுகளையும் பகிர வேண்டும். இத்தாலியின் இஸ்பிராவில் உள்ள ஆய்வு மையத்தில், காற்று, மண், பால், குடிநீர் மாதிரிகளின் எண்களைச் சேர்க்க ஒரு தரவு வங்கி தொடங்கியது. அதிலிருந்துதான் 1998இல் ஐரோப்பா முழுவதும் சீசியம் எங்கே எவ்வளவு விழுந்தது என்று காட்டும் வரைபட நூல் வந்தது. அதாவது 12 வருடம். வேலை மெதுவாக நடந்ததற்குப் பெரிய காரணம் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதப்படாமல் போன விவரங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். பின்னர் யூர்டெப் என்ற பரிமாற்ற முறை வளர்ந்தது. இன்று 5,000க்கு மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் ஒரே வடிவத்தில் எண்களை அனுப்புகின்றன.

பகிர்ந்துகொள்வதன் பலன் 2017இல் தெரிந்தது. செப்டம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் ஐரோப்பாவின் காற்றில் ருதேனியம் 106 என்ற பொருள் தென்பட்டது. எந்த நாடும் பொறுப்பேற்கவில்லை. பல நாட்டு ஆய்வுகூடங்கள் தங்கள் 1,300க்கு மேற்பட்ட அளவீடுகளை ஒன்றாகக் கொட்டி, காற்றுப் போன வழியைப் பின்னோக்கித் தேடியதில், ரஷ்யாவின் தெற்கு யூரல் பகுதியைச் சுட்டும் முடிவுக்கு 2019இல் வந்தார்கள். ரஷ்யா மறுத்தது. ஆனால் எண்கள் அங்கேதான் இருக்கின்றன, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

புள்ளிப் பட்டியலும் மண் பையும்

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். இதை எனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். தவணைப் பரீட்சை முடிந்து வகுப்பாசிரியர் புள்ளிப் பட்டியல் தயாரிக்கிறார். ஒரு ஆசிரியர் 50க்குத் திருத்திய தாள், இன்னொருவர் 100க்குத் திருத்திய தாள். இரண்டையும் பார்க்காமல் ‘42’ என்று போட்டால் ஒரு பிள்ளை கெட்டிக்காரன் ஆவான், மற்றவன் மக்கு ஆவான். கதிரியக்கத்தில் இந்தக் குழப்பம் மூன்று மடங்கு.

பெக்கரல் என்பது ஒரு செக்கனுக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்ற கணக்கு. மண்ணில், அரிசியில், தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இது. சீவேர்ட் என்பது மனித உடம்பில் அது எவ்வளவு தாக்கம் செய்யும் என்ற கணக்கு. மூன்றாவது, கைகர் கருவி நிமிடத்துக்கு எத்தனை தடவை ‘டிக்’ என்றது என்ற வெறும் எண்ணிக்கை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றலாம். ஆனால் என்ன பொருள், என்ன கருவி, என்ன தூரம் என்று தெரிந்தால் மட்டும்.

மண்ணையே எடுப்போம். சீசியம் மேலிருந்து விழுந்தது, ஆகவே உழாத நிலத்தில் பெரும்பகுதி மேல் ஐந்து சென்ரிமீற்றருக்குள் நிற்கிறது. ஒருவர் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுக்கிறார். விவசாய அமைச்சின் ஆட்கள் பயிரின் வேர் போகும் ஆழம் பார்த்து 15 சென்ரிமீற்றர் வரை எடுக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே நிலத்தில்தான் நிற்கிறார்கள். ஆனால் இரண்டாவது பையில் கீழிருந்த சுத்த மண் கலந்துவிட்டதால், கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்ற எண் முதலாவதன் மூன்றிலொன்றுக்குக் கிட்ட வந்துவிடும். இரண்டும் பிழையில்லை. முதலாமவர் நிலத்தில் விழுந்ததைத் தேடுகிறார், இரண்டாமவர் பயிருக்குக் கிடைப்பதைத் தேடுகிறார். ஆழம் என்ற ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால், பட்டியலைப் பார்க்கிறவர் ஒருவரைப் பொய்யர் என்பார்.

கிலோவை விட்டுச் சதுர மீற்றருக்கு மாற்றுவதற்கும் ஆழம் வேண்டும். ஒரு சதுர மீற்றரில் 5 சென்ரிமீற்றர் மண்ணின் எடை, அடர்த்தி 1.3 என்று வைத்தால், 65 கிலோ. ஆகவே கிலோவுக்கு 1,000 பெக்கரல் என்பது சதுர மீற்றருக்கு 65,000 பெக்கரல். கேட்டவுடன் 65,000தான் பயமாக இருக்கும். ஒரே மண்தான்.

அடுத்தது திகதி. புக்குஷிமாவிலிருந்து இரண்டு விதமான சீசியம் கிட்டத்தட்டச் சம அளவில் வெளியேறியது. சீசியம் 134 இரண்டு வருடத்தில் பாதியாகும். சீசியம் 137 பாதியாக 30 வருடம் எடுக்கும். 2011 மார்ச்சில் நூறும் நூறுமாக 200 இருந்த மண்ணில், பத்து வருடம் கழித்து முதலாவது நாலுக்கும் கீழே போயிருக்கும், இரண்டாவது 80 அளவில் நிற்கும். ஆகவே ‘மொத்தச் சீசியம் 200’ என்று எழுதிவிட்டு, எந்த நாளுக்கான கணக்கு என்று எழுதாவிட்டால் அது பாதி எண். இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்தால் அவற்றின் விகிதமே ஒரு சாட்சி. அறுபதுகளின் அணுகுண்டுப் பரிசோதனைகளில் விழுந்த பழைய மண்ணில் 137 மட்டுமே மிஞ்சியிருக்கும். 134உம் சேர்ந்து இருந்தால் அது புதியது. கூட்டிப் போட்டு ஒரே எண்ணாக்கிய பட்டியலில் இந்தச் சாட்சி செத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல். புள்ளிப் பட்டியலில் பூச்சியம் என்பதும் பரீட்சைக்கு வரவில்லை என்பதும் ஒன்றல்ல என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். இங்கே மூன்றாவது ஒன்று இருக்கிறது: எழுதியிருக்கிறான், ஆனால் என் கண்ணாடியால் வாசிக்க முடியவில்லை. 2023 ஓகஸ்ட் 24 முதல் புக்குஷிமாவில் சுத்திகரித்த தண்ணீரைக் கடலில் விடுகிறார்கள். அதில் பிரிக்க முடியாமல் மிஞ்சுவது டிரிற்றியம். அன்றன்றே முடிவு வேண்டும் என்பதால் கடல்நீரை வேகமாகச் சோதிக்கிறார்கள். அந்த முறையில் லீற்றருக்குச் சுமார் 10 பெக்கரலுக்குக் கீழே இருப்பது தெரியாது. நாள் எடுத்துச் செய்கிற நுட்பமான முறையில் 1 பெக்கரலுக்கும் கீழே பார்க்கலாம். இரண்டு அறிக்கையிலும் ‘கண்டறியப்படவில்லை’ என்றே வரலாம். தரவுத்தளத்தில் அதைப் பூச்சியம் என்று போட்டால் பொய். வெறுமையாக விட்டாலும் பொய். ‘10ஐ விடக் குறைவு’, ‘0.4ஐ விடக் குறைவு’ என்று எல்லையோடு போட வேண்டும். ஒரு கட்டத்துக்குப் பதில் இரண்டு கட்டம், அவ்வளவுதான். அந்த இரண்டாவது கட்டத்தை மறந்த பட்டியல்கள் எத்தனை!

ஏடு பதிப்பித்த பெரியவர்கள் ஒன்று செய்வார்கள். இரண்டு ஏட்டில் இரண்டு பாடம் இருந்தால், தமக்குப் பிடித்ததை மேலே போட்டு, மற்றதைப் பாடபேதம் என்று கீழே காட்டுவார்கள். அழிக்க மாட்டார்கள். நல்ல தரவுத்தளமும் கருவி காட்டிய மூல எண்ணை அப்படியே வைத்து, திருத்திய எண்ணைப் பக்கத்தில் வைக்கிறது. திருத்தியவர் பிழை விட்டிருந்தால் திரும்பிப் போக வழி வேண்டுமே.

பென்டோப் பெட்டியில் ஒரு கருவி

அரசு எண்கள் வராத அந்த 2011 மார்ச்சில் கைகர் கருவிகளுக்கு உலகம் முழுவதும் தட்டுப்பாடு. சில நாட்களிலேயே ஜோயி இட்டோ, ஷோன் பொனர், பீற்றர் ஃபிராங்கன் என்ற மூவரும் அவர்களோடு சேர்ந்தவர்களும், கிடைக்கிற அளவீடுகளை எல்லாம் ஒரு வரைபடத்தில் போடத் தொடங்கினார்கள். சேஃப்காஸ்ட் என்று அதற்குப் பெயர் வந்தது. போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, போடுவதற்குப் போதிய எண்களே இல்லை என்று. கருவி போதாவிட்டால் இருக்கிற கருவியை ஓட விடுவோம் என்று, ஒன்றைக் காரின் வெளிப்பக்கத்தில் கட்டி, இடங்காட்டியோடு இணைத்து, ஏப்ரலில் புக்குஷிமாப் பக்கம் ஓட்டிப் போனார்கள். ஒரே ஊருக்குள் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் எண்கள் மாறின. நகரத்துக்கு ஒரு எண் என்று சொல்லிவந்த அறிக்கைகளால் பிள்ளையை எந்தப் பாதையில் பாடசாலைக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க முடியாது என்பது அப்போது விளங்கியது.

பிறகு அவர்கள் செய்த கருவி சாப்பாட்டுப் பெட்டி அளவில் இருந்ததால் ‘பென்டோ’வையும் ‘கைக’ரையும் சேர்த்து பீ-கைகி என்று பெயர் வைத்தார்கள். ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை எண்ணிக்கையும் நேரமும் இடமும் பதிவாகும். பாகங்களை வாங்கி ஒரு நாளில் ஒட்டிச் செய்யலாம். செய்தவர்களில் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். சேர்ந்த அளவீடுகள் 10 கோடியைத் தாண்டின. எந்த உரிமையும் கோராமல் அத்தனையையும் பொதுவில் விட்டார்கள்.

இதில் நான் மதிப்பது அளவு அல்ல, ஒழுங்கு. அந்தக் கருவியில் நிமிடத்துக்கு 334 டிக் என்றால் மணிக்கு 1 மைக்ரோ சீவேர்ட் என்று எடுக்கிறார்கள். இந்த 334 சீசியம் 137க்கு மட்டுமே பொருந்தும். மற்றப் பொருள்களுக்கு மாறும். ஆகவே மூல எண்ணிக்கையைத்தான் சேமிக்கிறார்கள், மாற்றிய எண்ணைக் கேட்கும்போது கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். யாரும் பதிவேற்றலாம். ஆனால் வரைபடத்தில் ஏற முன்னர் ஒரு ஆள் பதிவைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். கடலின் நடுவில் கார் ஓடியதாக இடங்காட்டி சொன்னால் அந்தப் பதிவு நிற்கும்.

அரசு எல்லாம் பொய், மக்கள் எண்தான் மெய் என்று இதைச் சொல்லித் திரிகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரில் ஓடிய கருவி ரோட்டை அளந்தது. காட்டையும் வயலையும் அளக்க ஆள் இறங்கி நடக்க வேண்டும், மண்ணில் எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்தறிய ஆய்வுகூடம் வேண்டும். 2011 ஜூனிலும் ஜூலையிலும் ஜப்பான் கல்வி, விஞ்ஞான அமைச்சும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சுமார் 2,200 இடங்களில், ஏறத்தாழ 11,000 மண் மாதிரிகளை ஒரே ஆழத்தில், ஒரே விதக் கொள்கலனில் எடுத்தார்கள். குறைபாடு வேறு இடத்தில் இருந்தது. சுற்றாடல் அமைச்சு, விவசாய அமைச்சு, மாகாணம், மின்சாரக் கம்பனி என்று ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பீடீஎஃப் கோப்புகளில் அட்டவணை வெளியிட்டார்கள். பீடீஎஃப் என்பது கண்ணாடி அலுமாரி. பார்க்கலாம், எடுத்துக் கூட்டிக் கழிக்க முடியாது. பிறகு ஜப்பான் அணுசக்தி முகவரகம் அவற்றைத் திரட்டி, இடப்பெயரையும் அலகையும் நேர்படுத்தி ஒரே தரவுத்தளமாக்க வேண்டி வந்தது.

மக்கள் பக்கத்திலும் இதே வேலை நடந்தது. ஆங்காங்கே தாமாகவே ஆய்வுகூடம் வைத்துக்கொண்ட சுமார் முப்பது குழுக்கள் ‘மின்னா நோ டேட்டா சைட்’, அதாவது எல்லோருடைய தரவுத் தளம், என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. கருவி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம் என்பதால் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். பிறகு 2014 முதல் 2017 வரை 17 மாகாணங்களில் சுமார் 3,400 இடங்களின் மண்ணை, ஏறத்தாழ 4,000 தொண்டர்களைக் கொண்டு, 5 சென்ரிமீற்றர் ஆழம் என்ற ஒரே விதியில் எடுத்து அளந்தார்கள். 2018இல் அது புத்தகமாக வந்தது.

எண்ணுக்கும் வயிற்றுக்கும் உள்ள தொடர்பை ஒரு உதாரணத்தில் சொல்லி நகர்கிறேன். புக்குஷிமா அரிசியை யாரும் வாங்கவில்லை. மாகாணம் 2012 விளைச்சலிலிருந்து மாதிரி எடுப்பதை விட்டு, மூட்டை மூட்டையாக எல்லாவற்றையும் அளந்தது. ஒரு வருடத்துக்கு சுமார் 1 கோடி மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் ஒட்டி, அதைத் தட்டிப் பார்த்தால் அந்த மூட்டையின் முடிவு தெரியும்படி வைத்தார்கள். கிலோவுக்கு 100 பெக்கரல் என்ற எல்லையை முதல் வருடம் தாண்டியவை 71. 2015 விளைச்சலிலிருந்து ஒன்றுமில்லை. ‘பாதுகாப்பானது’ என்று யாரும் சொல்லிக் கேட்காத சனம், மூட்டையைத் தேடிப் பார்க்க முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது.

காணாமல் போன அயடீன்

மேலே சொன்ன 11,000 மாதிரிகளிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விபத்தின் ஆரம்ப நாட்களில் பிள்ளைகளுக்கு ஆபத்தானது சீசியத்தை விட அயடீன் 131தான். அது தைரொயிட் சுரப்பியில் போய்ச் சேரும். செர்னோபிலில் பால் குடித்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் அந்தப் புற்றுநோய் வந்தது அதனால்தான். ஆனால் அயடீன் 131 எட்டு நாளில் பாதியாகிவிடும். மார்ச் நடுப்பகுதியில் விழுந்தது ஜூன் நடுப்பகுதிக்குள் பதினொரு தடவை பாதியாகி, இரண்டாயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. பெரும்பாலான மண்ணில் கருவிக்கு ஒன்றும் தெரியவில்லை. நமியேயில், இட்டாத்தேயில் எந்த முற்றத்தில் எவ்வளவு விழுந்தது என்ற கேள்விக்கு விடை என்றைக்குமாகப் போய்விட்டது போலத்தான் இருந்தது.

ஆனால் அயடீன் 131க்கு ஒரு கூடப்பிறப்பு உண்டு, அயடீன் 129. உலையிலிருந்து இரண்டும் சேர்ந்தே வெளியேறின. இது பாதியாக 1 கோடியே 57 இலட்சம் ஆண்டுகள் வேண்டும். அளவோ மிகமிகச் சொற்பம், சாதாரணக் கருவிக்குத் தெரியாது, துணிக்கை வேகவளர்த்தி வைத்துத்தான் எண்ண முடியும். ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் பழைய மண் மாதிரிகளை மறுபடி எடுத்தார்கள். 129ஐ எண்ணினார்கள். இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை, 131 இன்னும் மிஞ்சியிருந்த சில மாதிரிகளிலிருந்து தெரிந்துகொண்டார்கள். அதை வைத்து, மறைந்துபோன 131 எங்கே எவ்வளவு விழுந்தது என்று பின்னோக்கி வரைபடம் வரைந்தார்கள்.

இது நடக்க இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டியிருந்தது. அளந்து முடிந்தது என்று மண்ணை யாரும் வீசியிருக்கக் கூடாது. பைக்குப் பைக்கு இடமும் ஆழமும் திகதியும் எழுதியிருக்க வேண்டும். 2011 ஜூனில் வெயிலில் நின்று அந்தப் பையில் பேனையால் எழுதிய மாணவனுக்கு அயடீன் 129 பற்றிய நினைப்பே இருந்திருக்காது. அவன் கட்டங்களை நிரப்பினான்.

நம் பக்கம் பார்த்தால், கற்பிட்டியிலிருந்து கடலுக்கு அப்பால் சுமார் 225 கிலோமீற்றரில் கூடங்குளம் இருக்கிறது. அதன் முதலாவது உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. இலங்கை அணுசக்திச் சபை நமது கரையோரத்தில் முன்னெச்சரிக்கை அளவீட்டு நிலையங்களை வைத்திருக்கிறது. நல்லது. அதோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பேருவளைக் கடற்கரை மணலில் மொனசைற் என்ற கனிமம் இருக்கிறது, அதில் இயற்கையாகவே தோரியம் உண்டு. அங்கே கருவி வைத்தால் பக்கத்து ஊரை விடக் கூடுதலாகத்தான் காட்டும், என்றைக்கும் அப்படித்தான் காட்டியது. விபத்துச் செய்தி ஒன்று பரவிய இரவில் யாரோ ஒருவர் பேருவளை மணலில் கருவியை வைத்து, அந்த எண்ணை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாதாரண நாளில், எந்தப் பயமும் இல்லாத நாளில், அதே இடத்தில் எடுத்த எண் யாரும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் முன்கூட்டியே கிடந்தால்தான் அந்த இரவில் பதில் சொல்லலாம். கரையோரப் பாடசாலைகளின் உயர்தர விஞ்ஞான மாணவர்கள் செய்யக்கூடிய வேலைதான் இது. கருவி ஒன்று, கொப்பி ஒன்று, மாறாத விதி ஒன்று: தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரம், அதே இடம், நேரம், வானிலை, கருவியின் பெயர்.

நானா அந்த வேனை 2017இல் விற்றுவிட்டார். விற்கும்போது தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வகுப்பில் சில வேளை காட்டுவேன். இதில் என்னவெல்லாம் இல்லை என்று பிள்ளைகளிடம் கேட்பேன். போன தவணை ஒரு பிள்ளை எழும்பி, “சேர், அளந்தவர்ட பேரும் இல்ல” என்றாள். பத்து வருடமாக வைத்திருக்கிறேன், அது என் கண்ணில் படவில்லை.